போஸ்ட் போடறதுக்கு முன்னாடி சித்தெ இருங்க

பொதுவுல எழுதறவங்களுக்கு பொறுப்பு வேணும், நிதானம் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா பொறுப்புன்னா என்ன, யாருக்கு பொறுப்பு, எதை அடக்கிக்கணும் எதை அடக்கிக்கக் கூடாதுன்னு யாரும் உக்காந்து சொல்றதில்லீங்க. ரிட்டயர்டு ஆகி மகன் வாங்கிக் குடுத்த ஃபோன்ல ஃபேஸ்புக் ஆரம்பிச்சவங்க, இப்பத்தான் இன்ஸ்டால கருத்து சொல்ல ஆரம்பிச்சிருக்கற காலேஜ் பசங்க, ஊர் குரூப்புக்கு திடீர்னு அட்மின் ஆக்கப்பட்டு முழிச்சிட்டு இருக்கறவங்க, இவங்களுக்காகத்தான் இது. ஏற்கனவே தெரிஞ்சவங்க குத்தம் கண்டுபிடிக்கறதுக்காச்சும் படிங்க.

முதல்ல பேச்சுக்கும் எழுத்துக்கும் இருக்கற வித்தியாசத்தை பாத்துருவோம். நம்ம கொங்கு பக்கம் பேக்கரி இல்லாத ரோடு கிடையாது, பொழுதோட வேலை முடிஞ்சு ஒரு டீயும் பப்ஸும் வாங்கிட்டு நின்னா அங்க நடக்காத விவாதம் கிடையாது, வார்டு கவுன்சிலர்ல ஆரம்பிச்சு அமெரிக்க ஜனாதிபதி வரைக்கும் எல்லாரையும் காய்ச்சி எடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. அதுல தப்பு ஒண்ணுமில்ல. நின்னது நாலு பேரு, நாலு பேருக்கும் உங்களைத் தெரியும், எதை நெசமா சொல்றீங்க எதை சும்மா வாயடிக்கறீங்கன்னும் தெரியும், கிளாஸை வெச்சுட்டு கிளம்புனா பேச்சும் அதோட போச்சு. அதே வரியை அப்படியே ஃபேஸ்புக்ல டைப் பண்ணுனீங்கன்னா கதையே வேற.

டானா பாய்ட்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இந்த வித்தியாசத்தை நாலு விசயமா சொல்றாங்க. போட்டது அழியாம நிக்கும், யாரு வேணும்னாலும் பாக்கலாம், பரப்பறது ரொம்ப சுலபம், தேடுனா கிடைக்கும். கேக்க சாதாரணமா இருக்குதில்ல? ஆனா தேடுனா கிடைக்குங்கறதை மட்டும் எடுத்துக்கங்க, இப்பெல்லாம் பொண்ணு வீட்டுக்காரங்க ஜாதகம் பொருந்துதுன்னு சொன்ன கையோட பையன் பேரைப் போட்டு ஃபேஸ்புக்கைத்தான் தோண்டறாங்க, அஞ்சு வருசத்துக்கு முன்னாடி எலெக்சன் சூட்டுல எவனையோ நாலு கெட்ட வார்த்தை போட்டு எழுதுனது அப்படியே பளிச்சுனு நிக்குது. எழுதுனவனுக்கு அதை எழுதுனதே மறந்து போயிருக்கும். கம்பெனில வேலைக்கு எடுக்கறவங்களும் இதைத்தான் பண்றாங்க.

டெலீட் பண்ணிக்கலாமேன்னு கேப்பீங்க. பண்ணலாம், வாட்ஸ்அப்ல அனுப்புன மெசேஜை ரெண்டரை நாள் வரைக்கும் எல்லாருக்கும் சேத்து அழிக்கலாம், 15 நிமிசம் வரைக்கும் திருத்தலாம். ஆனா அதுக்குள்ள ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டா அது உங்க கையில இல்ல. அதனால நம்ம கையில நெசமாவே இருக்கறது என்னன்னு பாத்தா, போஸ்ட் பட்டனை அமுத்தறதுக்கு முன்னாடி இருக்கற அந்த சித்தெ நேரம் மட்டுந்தான். இந்தக் கட்டுரையில நான் சொல்லப்போற எல்லாமே அந்த சித்தெ நேரத்துல என்ன பண்றதுங்கறது பத்திதான்.

இன்னொரு சிக்கல், கோயமுத்தூர் குசும்பு. நேர்ல அது வேலை செய்யறதே முகத்தை வெச்சுத்தான், சிரிக்காம சொல்லுவாங்க, "ஆமாங்ணா, உங்களை மாதிரி அறிவாளியை நான் பாத்ததே இல்லீங்ணா"ன்னு, கேக்கறவருக்கு கண்ணு ஓரத்துல இருக்கற சிரிப்பு தெரியும், ரெண்டு பேரும் சிரிச்சுக்குவாங்க. எழுத்துல அந்த கண்ணு ஓரம் கிடையாது. நம்ம லிஸ்ட்லயோ பங்காளி, மாமன் மச்சான், கம்பெனி மேனேஜரு, ஸ்கூல்ல பாடம் நடத்துன டீச்சரம்மா, எங்கயோ திருநெல்வேலில இருந்து ரெக்வஸ்ட் குடுத்த ஆளு, எல்லாரும் இருக்கறாங்க. மச்சானுக்கு குசும்பா தெரியறது டீச்சரம்மாவுக்கு திமிரா தெரியும், அந்த திருநெல்வேலிக்காரருக்கு நேரடி அவமானமாவே தெரியும். குசும்பையே விட்டுருங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அதை விட்டா நம்மாளுக்கு என்ன மிஞ்சும். யாரை வெச்சு பண்றோம்ங்கறதுல மட்டும் கவனம் வேணும். பதவில இருக்கறவங்க, பெரிய கம்பெனி, நம்மளை நாமே, இதெல்லாம் தாங்கும். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரோட நிறத்தையோ ஊரையோ இங்கிலீஷையோ வெச்சு அடிக்கறது தாங்காது.

சரி, நேர்ல இத்தனை மரியாதையா பேசற ஆளுக ஃபோனை எடுத்தா மட்டும் ஏன் இப்படி மாறிப்போறாங்க? வாக்கியத்துக்கு வாக்கியம் ங்க போட்டு பேசற மனுசன், பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் கால்ல பட்டாக்கூட தொட்டுக் கும்புடற மனுசன், ஃபேஸ்புக்ல போய் முகம் தெரியாத ஒரு பொண்ணுகிட்ட வாடி போடின்னு எழுதறாரு. இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்ல. ஜான் சூலர்னு ஒரு மனோதத்துவ நிபுணர் 2004-லயே இதைப் பத்தி எழுதியிருக்காரு, ஆன்லைன்ல மனுசனுக்கு இருக்கற கூச்சம், தடை எல்லாம் ஏன் கழண்டு போகுதுன்னு. அவரு சொன்ன காரணங்கள்ல எனக்கு முக்கியமா படறது மூணு. நம்மளை யாரும் பாக்கலைங்கற நெனப்பு ஒண்ணு. எதிராளியோட மூஞ்சி அந்த நேரத்துல எப்படி சுருங்குதுன்னு நமக்குத் தெரியாதது ரெண்டாவது. மூணாவது, பதில் உடனே வராது, திட்டிப்போட்டு ஃபோனை சார்ஜ்ல போட்டுட்டு தூங்கப் போயிரலாம். நேர்ல திட்டுனா அங்கயே நின்னு பதிலை வாங்கிக்கணும், அந்த பயமே பாதி வார்த்தையை முழுங்க வெச்சுரும்.

அதுபோக நம்ம கோவத்துக்கு அங்க நல்ல மார்க்கெட் வேற இருக்குது. நியூயார்க் யூனிவர்சிட்டி ஆளுக 5 லட்சத்துக்கும் மேல ட்வீட்டுகளை எடுத்து ஆராய்ச்சி பண்ணி 2017-ல வெளியிட்டாங்க, கேவலம், அநியாயம், வெக்கக்கேடுங்கற மாதிரி நியாய அநியாயமும் உணர்ச்சியும் கலந்த வார்த்தை ஒவ்வொண்ணு சேரும்போதும் அந்த ட்வீட் பரவறது சராசரியா 20 சதவீதம் கூடுதாம். அப்ப யோசிச்சுப் பாருங்க, நிதானமா எழுதுனவனுக்கு மூணு லைக்கு, காட்டுக்கத்தல் கத்துனவனுக்கு முந்நூறு ஷேரு. அடுத்த தடவை எழுதறப்ப கை தானா எதுக்குப் போகும்? அடக்கம்ங்கறது சும்மா நல்ல பழக்கம்னு சொல்லி விட்டுற முடியாதுங்க, அதுக்கு ஒரு விலை இருக்குது, லைக்கு குறையும். அதுக்கு தயாரா இருந்தாத்தான் மத்ததெல்லாம்.

இப்ப உண்மை பொய்க்கு வருவோம். பெரிய பெரிய ஃபேக்நியூஸ் கதையெல்லாம் விடுங்க, எந்த ஊர் குரூப்பா இருந்தாலும் மாசத்துக்கு ஒருக்கா இந்த மாதிரி ஒண்ணு வந்துரும்.

"பைபாஸ்ல பெரிய ஆக்சிடெண்ட், காலேஜ் பஸ்ஸு கவுந்துருச்சு, பத்து பேர் காலி."

"ஏந் தம்பி, நீ பாத்தயா?"

"இல்லீங்ணா, வேற குரூப்புல வந்துச்சு."

"எந்த பைபாஸு? எத்தனை மணிக்கு?"

"தெரியலீங்ணா. எல்லாருக்கும் தெரியட்டும்னு போட்டேன்."

இந்த தம்பி கெட்டவன் கிடையாது, நல்ல மனசுலதான் போட்டான். ஆனா அந்த குரூப்புல காலேஜ் பஸ்ல புள்ளையை அனுப்புன ஒரு அம்மா இருந்திருப்பாங்க, ரிங் போயும் புள்ளை ஃபோனை எடுக்கலைன்னா அந்தம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? பின்னால விசாரிச்சா ரோட்டோரம் ஒரு வேன் பள்ளத்துல எறங்கி நின்னிருக்கும், டிரைவருக்கு முட்டியில சிராய்ப்பு. "எனக்கு வந்துச்சு, அனுப்புனேன்"ங்கறது தகவல் இல்லீங்க. நீங்க பாத்ததா, பாத்தவர் பேரைச் சொல்லி உங்ககிட்ட சொன்னதா, இல்ல எங்கிருந்து வந்துதுன்னே தெரியாததா, இந்த மூணுல எதுன்னு நீங்களே உங்களைக் கேட்டுக்கங்க. மூணாவதுன்னா கம்முனு இருங்க. ரெண்டாவதுன்னா "இன்னார் சொன்னாரு, நான் பாக்கலை"ன்னு அதையும் சேத்து எழுதுங்க, அந்த ஒரு வரி எழுதறதுக்கு நமக்கு ஏனோ கை வர்றதில்ல.

பொய் ஏன் வேகமா ஓடுதுங்கறதுக்கும் ஆராய்ச்சி இருக்குது. அமெரிக்காவுல எம்ஐடி ஆளுக 2006-ல இருந்து 2017 வரைக்கும் ட்விட்டர்ல சுத்துன ஒரு லட்சத்து 26 ஆயிரம் செய்திகளை ஆராய்ஞ்சு 2018-ல வெளியிட்டாங்க. உண்மையைக் காட்டிலும் பொய் ரீட்வீட் ஆகறதுக்கு 70 சதவீதம் வாய்ப்பு ஜாஸ்தி, 1500 பேரைப் போய் சேர உண்மை எடுத்துக்கற நேரம் பொய் எடுத்துக்கறதைப் போல ஆறு மடங்கு. இதுக்கு காரணம் ஆள் இல்லாம தானா ட்வீட் போடற கம்ப்யூட்டர் புரோகிராம்களா (bot) இருக்கும்னுதான் நாம நெனைப்போம், அந்த புரோகிராம்கள் ரெண்டையும் ஒரே மாதிரிதான் பரப்புச்சாம், பொய்யை ஜாஸ்தியா தள்ளி விட்டது மனுசங்கதான். பொய் புதுசா, சுவாரஸ்யமா இருக்கறதுதான் காரணமா இருக்கும்னு அவங்க சொல்றாங்க.

நம்ம ஊருல இது என்ன பண்ணுச்சுன்னு பாக்கணும்னா திருப்பூரை எடுத்துக்கங்க. 2023 மார்ச் மாசம் ஆரம்பத்துல, தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிகளை அடிக்கறாங்க, கொல்றாங்கன்னு ஹிந்தில வீடியோவா சுத்துச்சு. பீகார் சட்டசபை வரைக்கும் அது பெரிய ரகளை ஆகிப்போச்சு, அங்கிருந்து அதிகாரிங்க குழு ஒண்ணு கிளம்பி இங்க வந்து விசாரிச்சுட்டுப் போச்சு. தமிழ்நாடு டிஜிபி அந்த வீடியோ ரெண்டும் பொய்யின்னு அறிவிச்சாரு, ஒண்ணு பீகார் தொழிலாளிகளே ரெண்டு கோஷ்டியா அடிச்சுக்கிட்டது, இன்னொண்ணு கோயமுத்தூர்ல உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்த சண்டை, ரெண்டுமே பழசு, ரெண்டுலயும் சொன்ன கதை கிடையாது. ஆனா அறிவிப்பு வர்றதுக்குள்ள பனியன் கம்பெனி லைன் வீடுகள்ல இருக்கற பசங்களுக்கு ஊருல இருந்து அம்மா அப்பா ஃபோன் மேல ஃபோன், கிளம்பி வந்துருடான்னு. ஹோலி நேரம் வேற, வழக்கமா ஊருக்குப் போறவங்களும் பயந்து போறவங்களும் ஒண்ணா ரயில்வே ஸ்டேஷன்ல நிக்க, அந்தக் கூட்டத்தையே வீடியோ எடுத்து "பாருங்க, ஓடறாங்க"ன்னு அடுத்த வீடியோ. கட்டிங், செக்கிங், பேக்கிங்னு எங்க போனாலும் வெளி மாநில ஆளுகளை நம்பித்தான் அந்த ஊரே ஓடுது. வீடியோ போட்டவங்களுக்கு வியூஸ் ஏறுச்சு, இங்க முதலாளிங்க ஹிந்தி தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு லைன் வீடு லைன் வீடா போய் தைரியம் சொல்ல வேண்டியதா போச்சு.

அதுக்கு மூணு வருசம் முன்னாடி கோழி. 2020 பிப்ரவரி மார்ச்ல, கொரோனா இங்க சரியா பரவறதுக்கு முன்னாடியே, கோழிக்கறி தின்னா கொரோனா வரும்னு ஒரு ஃபார்வர்ட். நோய் புடிச்ச கோழி போட்டோ ஒண்ணை எங்கிருந்தோ எடுத்துப் போட்டு, கீழ "உங்க குடும்பத்துக்கு பகிருங்கள்". பல்லடம் கறிக்கோழிக்கும் நாமக்கல் முட்டைக்கும் இந்தப் பக்கம் எத்தனை குடும்பம் பொழைக்குதுன்னு உங்களுக்கே தெரியும், வெலை அப்படியே படுத்துருச்சு, தீவனம் போட கட்டுபடியாகாம பண்ணைக்காரங்க வந்த வெலைக்கு தள்ளி விட்டாங்க. அரசாங்கமே கோழிக்கும் கொரோனாவுக்கும் சம்பந்தமில்லைன்னு சொன்னதுக்கப்புறமும் ஃபார்வர்ட் நிக்கலை. இதுல எனக்கு வெசனம் என்னன்னா, அதை ஃபார்வர்ட் பண்ணதுல பாதிப்பேரு இதே கொங்கு பக்கத்து ஆளுகதான், பெரியப்பா பையன் கோழிப்பண்ணை வெச்சிருப்பான், இவரு இங்க உக்காந்து அந்த மெசேஜை குலதெய்வக் கோயில் குரூப்புல போட்டுட்டு இருப்பாரு.

"நான் எழுதலையே, ஃபார்வர்ட்தான பண்ணேன்"னு சொல்றவங்களுக்கு கோர்ட் ஏற்கனவே பதில் சொல்லிருச்சு. 2018-ல பெண் பத்திரிகையாளர்களைக் கேவலப்படுத்தி வேற ஒருத்தர் எழுதுன பதிவை நடிகரும் முன்னாள் எம்எல்ஏவுமான எஸ்.வி.சேகர் ஃபேஸ்புக்ல ஷேர் பண்ணாரு. எதிர்ப்பு வந்ததும் எடுத்துட்டாரு, மன்னிப்பும் கேட்டாரு. அப்பவே சென்னை ஹைகோர்ட், ஃபார்வர்ட் பண்றதும் அந்தக் கருத்தை ஏத்துக்கறதும் ஒண்ணுதான்னு சொல்லிருச்சு. 2023-ல வழக்கை ரத்து பண்ணச் சொல்லி மறுபடி போனப்ப, அனுப்புன மெசேஜ் வில்லுல இருந்து கிளம்புன அம்பு, விளைவுக்கு அனுப்புனவர்தான் பொறுப்புன்னு சொல்லி அதே ஹைகோர்ட் மறுத்துருச்சு. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, கண்ணுல மருந்து ஊத்தியிருந்ததால என்ன எழுதியிருக்குதுன்னு படிக்காமலே ஷேர் பண்ணிட்டாருன்னு அங்க அவரு தரப்புல சொல்லிப் பாத்தாங்க, அங்கயும் எடுபடலை. படிக்காம அனுப்புனேங்கறது காரணமே ஆகாதுன்னு தெரிஞ்சுக்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அட்மின்களுக்கு ஒரு சின்ன ஆறுதல். கரூர் வக்கீல்களோட ஒரு வாட்ஸ்அப் குரூப் சம்பந்தமா வந்த வழக்குல, 2021 டிசம்பர்ல ஹைகோர்ட் மதுரைக் கிளை, வெறும் அட்மினா மட்டும் இருந்திருந்தா மெம்பர் போட்ட மெசேஜுக்கு அவரைக் குத்தவாளியா சேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்குது. ஆனா இப்ப அட்மினே யாரு போட்ட மெசேஜையும் அழிக்கலாம்ங்கற வசதி வந்துருச்சு, அதனால பாத்துட்டு பாக்காத மாதிரி இருக்கறதுக்கு சாக்கு குறைஞ்சு போச்சுங்க.

அடுத்தது, உண்மையா இருந்தாலும் எழுதக் கூடாதது. இதுதான் நெறைய பேருக்குப் புரியறதில்ல, "உண்மையைத்தான சொன்னேன்"னு நெஞ்சை நிமித்திட்டு வருவாங்க. உண்மைதான், ஆனா அது உங்களோட உண்மையா, அடுத்தவங்களோடதா? பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு டைவர்ஸ் ஆனது, ஒறம்பரைல ஒருத்தருக்கு கேன்சர்னு தெரிய வந்தது, தெரிஞ்ச பையன் பிளஸ் டூவுல ஃபெயில் ஆனது, இதையெல்லாம் வெளிய சொல்லலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது அவங்க மட்டுந்தான். "தைரியமா இருங்க தங்கச்சி"ன்னு ஆறுதல் சொல்ற சாக்குல டேக் பண்ணி போட்டோவோட போடறதும் இதுல சேத்திதான்.

இதுலயே ரொம்ப சீரியஸான பகுதி பாலியல் குற்றம். பொண்ணுகளை பாலியல் கொடுமை பண்ணி அதை வீடியோவும் எடுத்த பொள்ளாச்சி வழக்கை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 2019-ல புகார் குடுத்த பொண்ணோட பேரை போலீஸ் அதிகாரியே பத்திரிகைக்காரங்க முன்னாடி சொல்லிப்போட்டாரு, வழக்கை சிபிஐக்கு மாத்துன அரசாணையிலயும் அடையாளம் வந்துருச்சு. ஹைகோர்ட் மதுரைக் கிளை தலையிட்டு அந்தப் பொண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு குடுக்கச் சொல்லுச்சு. 2025 மே மாசம் கோயமுத்தூர் மகளிர் கோர்ட் ஒம்போது பேருக்கும் சாகற வரைக்கும் ஜெயில்னு தீர்ப்பு குடுத்துது. அதிகாரிங்க பண்ண தப்பு ஒருபக்கம் இருக்கட்டும், அந்த நேரத்துல நம்ம ஃபோன்கள்ல என்ன ஓடுச்சு? அந்த வீடியோவை "குத்தவாளிகளை அடையாளம் காட்டறோம்"னு சொல்லி பரப்புனவங்க எத்தனை பேரு. கோவம் நியாயமானதுதான், ஆனா அந்த வீடியோ ஒவ்வொரு ஃபோனுக்குப் போறப்பவும் அந்தப் பொண்ணுக்கு மறுபடி ஒருக்கா நடந்த மாதிரிதான். இந்த மாதிரி வழக்குல பாதிக்கப்பட்டவங்க பேரு, அடையாளம் வெளியிட்டா, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆவது பிரிவுல ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில். குழந்தைகன்னா போக்சோ சட்டம் தனியா இருக்குது. பேரு போடாம ஊரு, ஸ்கூலு, அப்பா தொழிலுன்னு எழுதுனாலும் நம்ம ஊருங்க அளவுக்கு அது பேரு போட்ட மாதிரிதான்.

சட்டத்தைப் பத்தி இவ்வளவு பேசுனதால போலீஸுக்கு பயந்து வாயை மூடிட்டு இருக்கணும்னு நான் சொல்றதா நெனச்சுக்காதீங்க. நேர் எதிரா இருக்குது என் அபிப்ராயம். 2012-ல மும்பை பக்கம் பால்கர்ல ஒரு பொண்ணு பந்த்னு கடையெல்லாம் அடைச்சதைப் பத்தி ஃபேஸ்புக்ல ரெண்டு வரி எழுதுச்சு, இன்னொரு பொண்ணு அதுக்கு லைக் போட்டுச்சு, ரெண்டு பேரையும் கைது பண்ணாங்க. அதுக்குப் பயன்பட்ட, ஆன்லைன்ல எரிச்சல் மூட்டற மாதிரி எழுதுனா குத்தம்ங்கற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 66ஏ பிரிவை 2015 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் மொத்தமா தூக்கிருச்சு, நல்ல வேளை. எது அடுத்தவனுக்கு எரிச்சலா இருக்கும்னு போலீஸ் முடிவு பண்ற நெலமை யாருக்கும் நல்லதில்ல. நம்மளை நாமே அடக்கிக்காட்டி அந்த வேலையை வேற யாரோ கையில எடுத்துக்குவாங்க, அவங்க நம்ம அளவுக்கு பக்குவமா பண்ண மாட்டாங்க.

அப்ப தைரியமா எழுதறதுக்கும் வாய்க்கு வந்ததை எழுதறதுக்கும் வித்தியாசம் என்ன? ஒரு சின்ன உதாரணத்தை கிட்ட வெச்சு பாத்துருவோம். ஒரு கடைல பப்ஸ் வாங்கறீங்க, கெட்டுப்போயிருக்குது, மாத்திக் குடுங்கன்னா மாட்டேங்கறாங்க. உங்களுக்கு கோவம் வருது, வரணும். கூகுள் ரிவ்யூ எழுத உக்காந்தா கை மொதல்ல எழுதறது இப்படி இருக்கும்:

"திருட்டுப் பசங்க. கெட்டுப்போன சரக்கை விக்கறதே இவனுக தொழில். கிச்சன்ல எலி ஓடுது. ஓனரு அரசியல் ஆளு, அதான் யாரும் கேக்கறதில்ல. இந்தக் கடையை இழுத்து மூடற வரைக்கும் ஷேர் பண்ணுங்க."

இதுல உங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், பப்ஸ் கெட்டிருந்தது. அதே தொழில்ங்கறது ஊகம். எலியை நீங்க பாக்கலை. ஓனர் விசயம் யாரோ சொன்னது. கடைசி வரி தண்டனை, ஒரு பப்ஸுக்கு கடையையே மூடற தண்டனை, அங்க வேலை செய்யற எட்டு பேருக்கும் சேத்து. கூடவே இது அவதூறு வழக்குக்கு வசதியா எழுதிக் குடுத்த மாதிரி. இப்ப சித்தெ இருந்து, வீட்டுக்குப் போய், தண்ணி குடிச்சுட்டு எழுதுனா இப்படி வரும்:

"சனிக்கிழமை பொழுதோட ஆறு மணிக்கு ரெண்டு முட்டை பப்ஸ் வாங்குனேன். ஒண்ணுல முட்டை நாத்தம் அடிச்சுது. உடனே கவுண்டர்ல காட்டுனேன், மாத்தித் தரவும் மாட்டோம் காசும் தர மாட்டோம்னுட்டாங்க. பில்லும் போட்டோவும் இருக்குது. டீ நல்லா இருந்துச்சு. பப்ஸ் வாங்கறவங்க பாத்து வாங்குங்க."

ரெண்டாவதுதான் கடைக்காரருக்கு நெசமா வலிக்கும். மொதல்ல எழுதுனதைப் படிக்கறவங்க "எவனோ போட்டிக் கடைக்காரன் எழுதியிருக்கான்"னு தாண்டிப் போயிருவாங்க, ரெண்டாவதுல டீ நல்லா இருந்துச்சுங்கற வரியைப் படிச்சதும் இந்த ஆளு பொய் சொல்ல மாட்டான்னு நம்புவாங்க. அடக்கி எழுதுனா பலம் குறையும்னு ஒரு நெனப்பு இருக்குது பாருங்க, சுத்த தப்பு. ரோட்டுல குழி, சாக்கடை அடைப்பு, பஸ் வராததுன்னு எல்லா புகாருக்கும் இதே கணக்குதான்: எங்க, எப்ப, என்ன பாத்தீங்க, யார்கிட்ட சொன்னீங்க, அவங்க என்ன சொன்னாங்க. அடைமொழி ஒண்ணும் வேண்டாம், தேதி போதும்.

தேதின்னதும் ஞாபகம் வருது, இந்த ரத்தம் வேணுங்கற மெசேஜ். "மிக அவசரம், ஓ நெகட்டிவ் தேவை"ன்னு ஒரு நம்பரோட வரும், தேதி இருக்காது, ஆஸ்பத்திரி பேரு பாதிதான் இருக்கும், நம்பருக்கு கூப்டா "அது போன வருசமுங்க, எங்கப்பா தவறிட்டாருங்க"ம்பாங்க. காணாமப் போன குழந்தை போட்டோவும் அப்படித்தான், குழந்தை அன்னிக்கே கிடைச்சு இப்ப காலேஜ் போயிட்டு இருக்கும், அதோட போட்டோ மட்டும் இன்னும் காணாமப் போயிட்டே இருக்குது. நல்லதுக்கு எழுதறதா இருந்தாலும் தேதி, நேரம், ஊரு போடுங்க, காரியம் முடிஞ்சதும் "கிடைச்சுருச்சு, இனி அனுப்பாதீங்க"ன்னு அதே இடத்துல இன்னொரு வரி போடுங்க. அடுத்தவங்க அனுப்புனதுன்னா ஒரு ஃபோன் அடிச்சு கேட்டுட்டு அனுப்புங்க, ரெண்டு நிமிசம் ஆகுமா?

சித்தெ நேரம் தள்ளிப் போடறது நெசமாவே வேலை செய்யுதான்னு சந்தேகம் இருந்தா ரெண்டு விசயம் சொல்றேன். 2020 ஏப்ரல்ல வாட்ஸ்அப், ரொம்ப தடவை கை மாறுன மெசேஜை ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும்னு கட்டுப்படுத்துச்சு. தடை பண்ணலை, திரும்பத் திரும்ப அமுத்தி அனுப்பறதுக்கு சோம்பேறித்தனம் வர வெச்சாங்க, அவ்வளவுதான். அந்த மாதிரி மெசேஜு 70 சதவீதம் குறைஞ்சுதுன்னு அவங்களே சொன்னாங்க. அதே வருசம் ட்விட்டரும், லிங்க்கை தொறக்காமலே ரீட்வீட் பண்ண வர்றவங்ககிட்ட "மொதல்ல படிக்கறீங்களா"ன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாத்துச்சு, கேள்வியைப் பாத்ததுக்கப்புறம் கட்டுரையைத் தொறக்கறது 40 சதவீதம் கூடுச்சாம். கம்பெனி வெச்ச தடையே இவ்வளவு பண்ணுதுன்னா நாமளே வெச்சுக்கிட்டா இன்னும் நல்லாவே பண்ணும். எனக்குத் தெரிஞ்ச சுலபமான வழி, கோவமா எழுதறதை ஆப்புக்குள்ள எழுதாம நோட்ஸ்ல எழுதறது. எழுதி முடிச்சதும் பாதி கோவம் எறங்கிரும், காலைல எந்திரிச்சு படிச்சா மீதியும் எறங்கிரும், அப்பவும் போடணும்னு தோணுச்சுன்னா அது போட வேண்டியதுதான், தாராளமா போடுங்க.

நம்மளை யாராச்சும் வம்புக்கு இழுத்தா? ஒரு தடவை பதில் சொல்லுங்க, ஆதாரத்தோட, அந்த ஆளுக்காக இல்ல, படிச்சிட்டு இருக்கற மத்தவங்களுக்காக. அதுக்கப்புறம் அவன் நாப்பது கமெண்ட் போட்டாலும் கம்முனு இருந்துருங்க. குடும்பத்தை இழுத்தா, மிரட்டுனா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டு பிளாக் பண்ணுங்க, எல்லை மீறுனா சைபர் கிரைம்ல புகார் குடுங்க. பங்காளிகளைக் கூட்டிட்டு வந்து கமெண்ட்ல எறக்கி விடற வேலை மட்டும் வேண்டாம், அது எப்பவும் நாம நெனச்ச எடத்துல நிக்காது.

கடைசியா, தப்பா போட்டுப்போட்டா என்ன பண்றதுங்கறது. சத்தமில்லாம டெலீட் பண்ணிட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி அடுத்த நாள் குட்மார்னிங் போடறதுதான் நம்மாளுக வழக்கம். அது போதாது, ஏன்னா அதைப் படிச்சவங்க இன்னும் அதை நம்பிட்டுத்தான் இருப்பாங்க, நீங்க அழிச்சது அவங்களுக்குத் தெரியாது. எந்த குரூப்புல போட்டீங்களோ அதே குரூப்புல, எந்த பக்கத்துல போட்டீங்களோ அதே பக்கத்துல, "நேத்து நான் போட்ட ஆக்சிடெண்ட் செய்தி தப்பு, வேன் பள்ளத்துல எறங்குனதுதான், யாருக்கும் ஒண்ணுமில்ல"ன்னு நேரா எழுதுங்க. "யாரையும் புண்படுத்தியிருந்தால்"னு இழுக்க வேண்டாம், எது தப்பு, எது சரின்னு ரெண்டு வரி போதும். அதை ஒருத்தரைப் பத்தி எழுதியிருந்தா, பொதுவுல போடறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு ஃபோன் பண்ணிருங்க. தனியா யார் யாருக்கு அனுப்பியிருந்தீங்களோ அவங்களுக்கும் திருத்தத்தை அனுப்பணும், லிஸ்ட் வாட்ஸ்அப்லயே இருக்குது, மேல ஸ்க்ரோல் பண்ணா தெரியும்.